பழைய பிளக்கோடு ஒப்பிட்டால் எந்தப் பிளக்கும் ஜெயிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் இக்னிஷன் பாகங்களை, அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் பாகங்களை, உயர்ரகத்துக்கு மாற்றினால் இழுவையும் மைலேஜும் கூடும் என்று தங்கள் ஞாயிறு வாகன இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் படிப்பதற்கு முன்பே என் வாடிக்கையாளர்கள் படித்துவிட்டார்கள். திங்கட்கிழமை கடை திறந்ததும் அணைக்கட்டுக்காரர் ஒருவர், பத்து மணிக்குக் குடியாத்தத்துக்காரர் ஒருவர், மதியம் கல்லூரி மாணவர்கள் இருவர். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: சிலிண்டருக்குள் பொறி விடும் பிளக்கில் இரிடியம் என்ற உலோக முனை வைத்த ரகம், அந்தப் பொறிக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் காயிலில் அதிக வோல்ட் ரகம், இரண்டையும் இணைக்கும் ஒயரில் தடித்த சிலிகான் ரகம்.

நான் சத்துவாச்சாரியில் கார் உதிரிபாகக் கடை நடத்துகிறேன். கணவர் தொடங்கிய கடை. அவர் காலத்துக்குப் பிறகு கல்லாவில் நான் உட்காருகிறேன். அவர்கள் கேட்ட பொருள்களெல்லாம் என் அலமாரியில் இருக்கின்றன. சாதாரண பிளக்கில் நிற்கும் காசைவிட இரிடியத்தில் நிற்கும் காசு அதிகம். ஆகவே, விற்பனை போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. தங்கள் கட்டுரையால் எனக்கு வியாபாரம் நடந்தது. அந்த வியாபாரத்தைத்தான் நான் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பினேன்.

கட்டுரையாளர் தம் காரிலிருந்த பிளக்குகளைக் கழற்றிவிட்டு இரிடியம் பிளக் போட்டு ஓட்டியிருக்கிறார். வண்டி துள்ளிக்கொண்டு கிளம்புகிறது என்கிறார். நம்புகிறேன், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கழற்றிய பிளக் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற தகவல் கட்டுரையில் எங்கும் இல்லை. எனக்கு அந்த ஒரு விவரம்தான் தேவை. தேய்ந்த பிளக்கைக் கழற்றிய இடத்தில் நூற்றைம்பது ரூபாய்ப் பிளக்கைப் போட்டிருந்தாலும் வண்டி அதே துள்ளலோடுதான் கிளம்பியிருக்கும்.

காட்பாடி ரயில் நிலையத்துக்கும் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் இடையே நோயாளிகளை ஏற்றி இறக்கும் டாக்சி ஓட்டுநர் ஒருவர், இரிடியத்தின் மகிமையை எனக்கு நிரூபிப்பதற்காகவே தன் பழைய பிளக்குகளைச் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தார். "பாருங்கள் அக்கா, பழசு நன்றாகத்தான் இருக்கிறது. நிறம்கூட மாறவில்லை. ஆனாலும் புதியது போட்டதும் வண்டி வேறு வண்டியாகிவிட்டது" என்றார். நிறம் உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. இன்சுலேட்டர் முனை வெளிர் பழுப்பில் இருந்தால் எஞ்சினில் எரிதல் சரியாக நடக்கிறது என்று பொருள். கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், சிலிண்டருக்குள் எண்ணெய் புகாமல் தடுக்கும் ரிங் அல்லது வால்வு சீல் போய்விட்டது. வெளுத்துப் பொரிந்திருந்தால் சூடு மிஞ்சுகிறது. இவருடைய பிளக்கில் அந்தக் குறைகள் எதுவும் இல்லை. ஆனால் நடுமுனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கதை வேறு. புதிய பிளக்கில் அந்த முனை, கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாகவும் விளிம்பு கூராகவும் இருக்கும். இதில் விளிம்பே இல்லை. சுற்றிலும் உருண்டு மழுங்கியிருந்தது. மேலே வளைந்து நிற்கும் முனையின் அடிப்பக்கத்தில் ஒரு குழி. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை எடுத்தேன். அந்த வண்டிக்கு இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளி 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 1.4 தகடு உரசாமல் உள்ளே போய்வந்தது.

இடைவெளி அகல அகல, அதைத் தாண்டுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். மழுங்கிய விளிம்பிலிருந்து பொறி கிளம்புவதற்கும் அதிக வோல்ட் வேண்டும். சமதரையில் மெதுவாகப் போகும்போது காயில் அதை எப்படியோ கொடுத்துவிடும். பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் பொறி தாண்டுவது இன்னும் கடினம். அங்கேதான் வண்டி திணறும், பொறி தவறி மிஸ் ஆகும், குலுங்கும். மலையில் திணறிய வண்டியில் புதிய பிளக் போட்டால் ஓட்டுபவருக்கு எஞ்சினே மாறிவிட்டதுபோலத் தோன்றுவது இயல்பு. அவருக்குக் கிடைத்தது கூடுதல் சக்தி இல்லை. கம்பெனி முதலிலேயே கொடுத்து, தேய்மானத்தில் காணாமல்போன சக்தி.

எனவே தங்கள் கட்டுரையாளருக்கு என் கோரிக்கை ஒன்றுதான். புதிய இரிடியத்தைப் பழைய பிளக்கோடு ஒப்பிடாதீர்கள். கம்பெனி சொன்ன புதிய சாதாரண பிளக்கோடு ஒப்பிடுங்கள். அப்படிச் செய்தால் நல்ல நிலையிலுள்ள வண்டியில் உங்கள் கால் உணரும் அளவுக்கு வித்தியாசம் இருக்காது.

ஏன் இருக்காது என்பதற்குக் கணக்கு சொல்கிறேன். காட்பாடியில் கல்லூரியில் இயற்பியல் படித்தவள் நான். அந்தப் படிப்பு கல்யாணத்துக்குப் பின் பிளக் விற்பதற்குத்தான் பயன்பட்டது, பரவாயில்லை. 1200 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சினில், ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது ஒரு சிலிண்டருக்குள் ஒரு தடவைக்குப் போகும் பெட்ரோல் ஏறத்தாழ 25 மில்லிகிராம். அது எரிந்தால் வெளிவரும் ஆற்றல் சுமார் 1000 ஜூல். அதைப் பற்றவைக்கும் பொறியின் ஆற்றல் சுமார் 50 மில்லிஜூல், அதாவது இருபதாயிரத்தில் ஒரு பங்கு. பொறியை இரண்டு மடங்காக்கினாலும் அந்த 1000 ஜூலில் ஒன்றும் சேராது. குடியாத்தம் தீப்பெட்டியில் ஒரு குச்சி கிழித்துப் பற்றவைத்தாலும் தீவட்டியைக் கொண்டுவந்து பற்றவைத்தாலும் கேஸ் அடுப்பில் பால் பொங்கும் நேரம் ஒன்றே. குச்சி நமுத்துப்போயிருந்தால் மட்டும்தான் சங்கடம்.

காயில் பெட்டியின்மேல் அச்சடித்திருக்கும் வோல்ட் கணக்கைப் பார்த்துத்தான் இளைஞர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 12 வோல்ட் பேட்டரியை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றுவது காயிலின் வேலை. இடைவெளியைத் தாண்ட 12,000 வோல்ட் போதுமென்றால், 12,000-ஐத் தொட்டதும் பொறி பாய்ந்துவிடும். வோல்ட் அதற்குமேல் ஏறாது. பெட்டியில் 60,000 என்று போட்டிருப்பது உச்சவரம்பு. தேவை வரும்போது மட்டுமே அந்த வரம்பு பயன்படும். நல்ல பிளக் உள்ள வண்டியில் அந்தத் தேவை வருவதே இல்லை.

காயில் மாற்றுவதில் வேறொரு தொந்தரவும் உண்டு. இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் நேராக உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் எத்தனை மில்லிசெகண்ட் கரன்ட் பாய வேண்டும் என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு அசல் காயிலுக்காகப் போட்ட கணக்கு. வேறு மாதிரிக் காயிலை மாட்டினால் ஒன்று, அது முழுதாக நிரம்பாமல் பொறி பலவீனமாகும்; இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்குள் காயிலை இயக்கும் சுற்று சூடேறும். சிவப்பு நிறக் காயில்களை இணையத்தில் வாங்கி மாட்டிக்கொண்ட ஒரு மாணவர், எஞ்சின் விளக்கு மினுமினுக்க மினுமினுக்கக் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் பல நாள் ஓட்டியிருக்கிறார். அந்த விளக்கு மினுக்கினால் பெட்ரோல் எரியாமலே புகைக்குழாய்க்குள் போகிறது என்று பொருள். அப்படிப் போன பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிட்டது. கன்வெர்ட்டர் விலை கேட்டு அவருடைய அப்பா என் கடை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிவப்புக் காயில் நான் விற்றதில்லை. ஆனாலும் தண்ணீர் கொடுத்தது நான்தான்.

தடித்த ஒயர் விஷயம் இன்னும் வேடிக்கை. 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று சொல்வது மேலே இருக்கும் ரப்பர் உறையின் பருமன். உள்ளே ஓடும் கரன்ட் மில்லிஆம்பியர் கணக்கில்தான். நல்ல உறை கசிவைத் தடுக்கும், அவ்வளவுதான் அதன் பெருமை. உள்ளே கார்பன் இழை வைத்திருப்பது ரேடியோ இரைச்சலை அடக்க. அதை எடுத்துவிட்டு வெறும் செம்புக் கம்பி ஒயர் போட்டால் ரேடியோவும் கரகரக்கும், சென்சார்களும் குழம்பும். அதுவும் போகட்டும். காயில் பிளக்கின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் வண்டியில் ஒயரே கிடையாது. கட்டுரையின் படத்திலிருக்கும் காரும் அந்த ரகம்தான். அதில் எந்த ஒயரை மாற்றச் சொல்கிறார்?

நான்கு முனைப் பிளக் பற்றியும் எழுதியிருக்கிறார். பொறி எப்போதும் ஒரு முனைக்குத்தான் பாயும். மற்றவை முறைக்குக் காத்திருக்கும். ஆயுள் கூடலாம், நான்கு பொறி கிடைக்காது.

இப்படிச் சொல்வதால் இரிடியமே ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரணப் பிளக் முனையிலுள்ள நிக்கல் 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768, இரிடியம் 2446. அவ்வளவு உறுதியான உலோகம் என்பதால் நடுமுனையைக் கம்பிபோல 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டருக்கு மெலிதாக்க முடிகிறது. சாதாரணப் பிளக்கில் அது 2.5 மில்லிமீட்டர். மெலிந்த முனையிலிருந்து பொறி குறைந்த வோல்ட்டிலேயே பாயும். காலையில் ஸ்டார்ட் ஆவது, நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடுவது இரண்டிலும் சிறு நன்மை உண்டு. பெரிய நன்மை ஆயுள். வேலூரிலிருந்து சென்னை போய்ச் சேருவதற்குள் ஒவ்வொரு பிளக்கும் ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல் பொறி விடுகிறது. சாதாரணப் பிளக் 30,000, 40,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியது. இரிடியம் ஒரு லட்சம் வரை தாங்கும். பிளக்கை எடுக்க மேலிருக்கும் பாதிச் சாமான்களைக் கழற்ற வேண்டிய வண்டிகளில் கூலியே மிச்சமாகும். அந்தக் கணக்கைச் சொல்லி விற்றால் நானும் விற்பேன். கம்பெனியே இரிடியம் போட்டு அனுப்பிய வண்டிக்கு வேறு கொடுக்கவும் மாட்டேன்.

இக்னிஷனை மாற்றி உண்மையிலேயே வண்டி மாறியதை எங்கள் தெரு பார்த்திருக்கிறது. அம்பாசிடர், பத்மினி, முதல் தலைமுறை மாருதி 800 காலம். அப்போது ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பொறியை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், காயிலின் கரன்டை விட்டுவிட்டு நிறுத்தும் பாயிண்ட் என்ற சிறு பாகம் திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் லேசாகக் கருகும், இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் பொறி விடும் நேரமான டைமிங்கும் மாறும். உப்புத்தாளால் தேய்த்து, பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சரை மாற்றி, மறுபடி சரிசெய்ய வேண்டும். எங்கள் தெருவில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாய், டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, எஞ்சின் ஓட ஓட அதை இப்படியும் அப்படியும் மயிரிழை திருப்பி, காதாலேயே டைமிங் வைப்பார். கொஞ்சம் முன்னே தள்ளினால் இழுவை. அதிகம் தள்ளினால் மேட்டில், பெட்ரோல் தானாக வெடித்துக் கிணுகிணுவென்று நாக்கிங். அந்தப் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியவர்களுக்குப் பலன் நிச்சயமாகக் கிடைத்தது. காலையில் ஒரு சாவித் திருப்பில் ஸ்டார்ட், சீரான டைமிங், பட்டறைக்கு நடப்பது மிச்சம். இன்றும் அம்பாசிடரைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் வந்து கேட்டால் தயங்காமல் அதை மாட்டிக்கொள்ளச் சொல்கிறேன். புதிய வண்டிகளில் அந்த முன்னேற்றம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. எஞ்சின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரும் நாக்கிங்கைக் கவனிக்கும் நாக் சென்சாரும் சேர்ந்து, பாய் காதால் செய்ததை நொடிக்குப் பலமுறை செய்கின்றன.

இன்னொரு கூட்டம் கேஸ் வண்டிக்காரர்கள். சி.என்.ஜி.யில் பொறி பாய பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். தீ பரவுவதும் மெதுவாக. பெட்ரோலில் தெரியாத தேய்மானம் கேஸில் ஓட்டும்போது உடனே தெரியும். அவர்களுக்கு நல்ல பிளக், சற்றுக் குறுகிய இடைவெளி, கேஸில் ஓடும்போது டைமிங்கை முன்னே தள்ளும் கருவி மூன்றும் உண்மையான பலன் தரும். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தை ஏற்றிப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் வண்டிக்கும் வலுவான காயில் தேவைப்படலாம். தங்கள் வாசகர்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்?

கட்டுரை மே மாதத்தில் வந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் வண்டி இழுக்கவில்லை என்ற புகார் உண்டு. 25 டிகிரிக் காற்றைவிட 40 டிகிரிக் காற்று ஐந்து சதவீதம் அடர்த்தி குறைந்தது. எஞ்சினுக்குள் போகும் காற்றே குறைவு. சூடான காற்றில் நாக்கிங் எளிதில் வரும் என்பதால் கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னே இழுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு ஏசி முழுவேகத்தில். இந்த மூன்றையும் எந்தப் பிளக்கும் தீர்க்காது. ஜூலையில் நான்கு மழை பெய்தால் தானாகத் தீரும்.

மைலேஜ் குறைந்ததென்று வருபவர்களுக்குப் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஒரு காரணம். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில், 20 சதவீதக் கலப்பு ஊற்றினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-ல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. பெட்ரோல் பங்க்கில் குறைந்ததை என் கடையில் வந்து தேடினால் நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்? டயரில் காற்று பிடியுங்கள், ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், பிளக் மாற்றி நாளாகியிருந்தால் அதே நம்பரில் புதியது போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நம்பர் என்றதும் ஒன்று. கட்டுரையில் வெப்ப எண் அதிகமுள்ள பிளக் சூட்டைத் தாங்கும் என்று பொதுவாக எழுதியிருக்கிறார். என்.ஜி.கே. கம்பெனிப் பிளக்கில் எண் ஏற ஏற அது குளிர்ந்த ரகம், அதாவது சூட்டை விரைவாக வெளியேற்றும் ரகம். போஷில் நேர் எதிர். எண் ஏற ஏற சூடான ரகம். ஒரு கம்பெனியின் எண்ணைப் பார்த்து இன்னொரு கம்பெனிப் பிளக்கை வாங்கினால் பிஸ்டனுக்கே ஆபத்து. இரிடியம் முனையை ஃபீலர் கேஜால் நெம்பி இடைவெளியைச் சரிசெய்யலாம் என்றும் இருக்கிறது. அந்த மெல்லிய முனை ஒடிந்தால் வாங்கிய காசு போச்சு. எஞ்சின் சூடாக இருக்கும்போதே கழற்றும் அவசரக்காரர்களையும் எச்சரித்திருக்கலாம். எஞ்சினின் அலுமினியத் தலையில் பிளக் ஏறும் மரை போனால் பிளக் விலையில் முடியாது.

சந்தேகமிருந்தால் தங்கள் நிருபர் எங்கும் தூரம் போக வேண்டாம். சென்னை போகும் வழியில் ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. எஞ்சின் சக்தியை எப்படி அளப்பது என்று அங்குள்ள பொறியாளர்களிடம் கேட்டு எழுதலாம். ஒரே கார், ஒரே நாள், ஒரே பெட்ரோல். முதலில் புதிய சாதாரணப் பிளக், பிறகு புதிய இரிடியம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். இரிடியம் ஜெயித்தால் எனக்கு நஷ்டமில்லை என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

அதற்கு நாளாகுமென்றால், ஒரு வரிக்காவது உடனே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். "பெட்ரோல், டீசல் எதுவானாலும்" இந்தப் பாகங்களை மாற்றலாம் என்று கட்டுரை முடிகிறது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, இக்னிஷன் காயிலும் கிடையாது. காற்றை அழுத்திய சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. அதிலிருக்கும் குளோ பிளக், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் சூடேற்றி மட்டுமே. ஒடுகத்தூரிலிருந்து ஒருவர் தன் டீசல் ஜீப்புக்கு நான்கு இரிடியம் எடுத்துவைக்கச் சொல்லிப் போன் செய்திருக்கிறார். நான் சொன்னால், "பேப்பரிலேயே போட்டிருக்கிறதே அம்மா" என்கிறார்.

இப்படிக்கு,
உதிரிபாகக் கடை நடத்தும் வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.